ரிவியேராக் கரையின் குளிர்கால உலா: ஒரு சமூக வரலாற்று நோக்கு

பயணத்தின் வரலாறு பெரும்பாலும் பயணம் செய்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. யார் எங்குச் சென்றார், எதனைக் கண்டார், எதனை வியந்தார் என்பனவே ஏடுகளில் இடம்பெறுகின்றன. ஒரு குறிப்பிட்ட காலத்தில் ஒரு குறிப்பிட்ட வர்க்கத்தினருக்கு மட்டும் பயணம் சாத்தியமானது ஏன் என்ற வினாவும், அவர்கள் சென்று தங்கிய இடத்து மக்களின் வாழ்வு அதனால் எவ்வாறு மாறியது என்ற வினாவும் அருமையாகவே எழுப்பப்படுகின்றன. இவ்விரு வினாக்களையும் ஆராய்வதற்குப் பிரான்சின் தென்கிழக்குக் கரையாகிய ரிவியேரா தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

ரிவியேரா என்றதும் இன்று பலர் மனத்தில் எழுவது யூலை, ஆகஸ்ட் மாதங்களில் வெயிலிற் படுத்திருக்கும் மக்களால் நிறைந்த கடற்கரையே. ஆயின் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை, ஏறத்தாழ 150 ஆண்டுகளாக, அக்கரையின் பருவம் குளிர்காலமாகவே இருந்தது. ஒக்டோபரில் ஹோட்டல்கள் திறக்கப்பட்டன. ஏப்பிரல், மே மாதங்களில் அவற்றின் சாளரங்கள் அடைக்கப்பட்டன. கோடையில் அங்குத் தங்குவது உடல்நலத்துக்குக் கேடு என்று கருதப்பட்டது. இவ்விடைக்காலத்தில் சூரியனும் மாறவில்லை, கடலும் மாறவில்லை. மாறியது எது? ஓய்வுக்கு உரியோர் யார் என்பதே மாறியது. ‘பருவம்’ என்பது இயற்கை வகுத்ததாகத் தோன்றினும், அதனை வகுத்தது சமூகமே என்பதை இக்கரையின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

நிலமும் காலநிலையும்

மேற்கே இயேர் முதல் கிழக்கே இத்தாலிய எல்லையிலுள்ள மாந்தோன் வரை நீளும் இக்கரையின் வடபுறத்தே அல்ப்ஸ் மலைத்தொடரின் கிளைகள் கடலை நெருங்கி நிற்கின்றன. வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றை அவை தடுக்கின்றன. மத்தியதரைக்கடல் தான் கோடையிற் பெற்ற வெப்பத்தைக் குளிர்காலத்தில் மெல்ல வெளிவிடுகின்றது. இதனால் நீஸ் நகரின் சனவரி மாதச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 9 பாகை செல்சியசாக உள்ளது. நம் நாட்டவருக்கு இது கடுங்குளிர். இலண்டனின் புகைமூட்டத்திலிருந்தும் சென் பீற்றர்ஸ்பேர்க்கின் உறைபனியிலிருந்தும் வந்தோருக்கோ இது வசந்தம். ஒலிவ், தோடை, எலுமிச்சை ஆகியவை குளிர்காலத்திலும் பச்சை மாறாது நின்ற காட்சி அவர்களைப் பெரிதும் கவர்ந்தது.

எனினும் உள்ளூர் மக்களுக்கு இந்நிலம் சொர்க்கமாக இருக்கவில்லை. மலைச்சரிவுகளிற் படிகள் கட்டி ஒலிவும் எலுமிச்சையும் பயிரிட்டவர்களும், சிறு படகுகளில் மீன்பிடித்தவர்களும் வறுமையிலேயே வாழ்ந்தனர். நீஸ் அப்போது பிரான்சுக்கு உரியதாகவும் இருக்கவில்லை. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தை ஒட்டிய சில ஆண்டுகள் நீங்கலாக, 1860ஆம் ஆண்டு வரை அது சார்தீனிய இராச்சியத்தின் பகுதியாகவே இருந்தது.

நோயாளர் தேடிய கரை

குளிர்காலப் பயணத்தின் தொடக்கம் களிப்பிலன்று, நோயிலேயே அமைந்தது. ஸ்கொத்லாந்து நாவலாசிரியரும் மருத்துவருமாகிய ரோபியாஸ் ஸ்மொலெற், தம் ஒரே மகளை இழந்த துயருடனும் நலிந்த நுரையீரலுடனும் 1763இல் இங்கிலாந்தை விட்டு வெளியேறி, அவ்வாண்டின் இறுதியில் நீசை அடைந்தார். 1766இல் வெளிவந்த அவரது பயண நூல் ஆங்கில வாசகருக்கு இக்கரையை அறிமுகம் செய்தது. உள்ளூர் மக்களைப் பற்றி அவர் எழுதியவற்றில் எரிச்சலும் ஏளனமும் மிகுதி. ஆயினும் நீசின் வானிலையை அவர் பொறுமையுடன் குறித்துவைத்து நூலின் இறுதியிற் சேர்த்தார். அவ்வானிலைக் குறிப்பே அவரது வசைகளை விட அதிக விளைவை உண்டாக்கிற்று எனலாம். மே மாதத்தில் அவர் கடலில் இறங்கி நீராடியபோது நீஸ் மக்கள் வியப்படைந்தனர். கடல் அவர்களுக்குத் தொழில் செய்யும் இடம். நோயுற்ற ஒருவர் தாமாக விரும்பி அதனுள் இறங்குவது அவர்களுக்கு விளங்காத செயலாயிற்று.

ஸ்மொலெற்றைத் தொடர்ந்து ஆங்கிலேயர் குடும்பங்கள் குளிர்காலந்தோறும் நீசில் தங்கத் தொடங்கின. 1820களின் தொடக்கத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவம் வந்தோருக்கும் இருந்தோருக்கும் இடையே நிலவிய உறவை நன்கு புலப்படுத்துகின்றது. கடுங்குளிரினால் பயிர்கள் அழிய, பிழைப்பிழந்த மக்கள் நகர வீதிகளில் இரந்து நின்றனர். லூயிஸ் வே என்ற அங்கிலிக்கன் மதகுரு ஆங்கிலேயரிடம் பணம் திரட்டி, அம்மக்களைக் கொண்டு கடலோரமாக நடைபாதையொன்று அமைப்பித்தார். பசித்தோருக்குக் கூலி கிடைத்தது. பயணிகளுக்கு உலாவ வழி கிடைத்தது. இன்று உலகப் புகழ்பெற்று விளங்கும் ‘ஆங்கிலேயர் உலாவீதி’யின் தோற்றம் இதுவே. வீதிக்குப் பெயர் தந்தோர் அதிலே நடந்தவர்கள். கல் சுமந்தவர்கள் அல்லர்.

கான் நகரின் கதையும் நோயோடு தொடர்புடையதே. இங்கிலாந்தின் முன்னாள் சான்சலர் பிரபுவாகிய ஹென்றி புறூம், 1834ஆம் ஆண்டின் இறுதியில் நோயுற்ற தம் மகளுடன் இத்தாலி நோக்கிச் சென்றார். அக்காலத்தில் தென்பிரான்சில் வாந்திபேதி பரவியிருந்தமையால் வார் ஆற்றங்கரையிலிருந்த சார்தீனிய எல்லை மூடப்பட்டிருந்தது. திரும்பிய அவர், அன்று மீனவர் கிராமமாக இருந்த கானில் தங்க நேர்ந்தது. அவ்விடம் பிடித்துப்போகவே நிலம் வாங்கி மாளிகை கட்டி, அதற்குத் தம் மகளின் பெயரைச் சூட்டினார். அம்மகள் 1839இல் இறந்தாள். புறூம் 1868இல் கானிலேயே காலமானார். அவரைப் பின்பற்றி ஆங்கிலப் பிரபுக்கள் பலர் அங்கு மாளிகைகள் அமைத்தனர். பிரித்தானியப் பேரரசில் அடிமைத்தளையை ஒழிக்கும் 1833ஆம் ஆண்டுச் சட்டம் நிறைவேறுவதற்குத் துணைநின்ற ஒருவரே இக்கரையின் முதல் பெரும் நிலவுடைமை விருந்தினராக அமைந்தமை வரலாற்றின் முரண்களுள் ஒன்றாகும்.

மாந்தோனைப் பிரபலப்படுத்தியவர் ஒரு வைத்தியர். ஜேம்ஸ் ஹென்றி பெனற் என்ற ஆங்கில மருத்துவர் சயரோகத்தினால் தாம் இறப்பது உறுதி எனக் கருதியே 1859இல் அங்குச் சென்றார்; ஆயின் நலம்பெற்றார். அவர் எழுதிய நூல் ஐரோப்பாவெங்கும் பரவவே, சயரோகிகள் மாந்தோனை நோக்கித் திரண்டனர். எழுத்தாளர் றொபேட் லூயிஸ் ஸ்டீவன்சன் 1873–74 குளிர்காலத்தை மருத்துவர் ஆலோசனைப்படி அங்கே கழித்தார். ஓவியர் ஓப்ரி பியட்ஸ்லி 1898இல் தம் 25ஆம் வயதில் அங்கேயே மாண்டார். நகருக்கு மேலே குன்றின்மீது அமைந்த பழைய இடுகாட்டில் பல நாட்டு இளைஞர்களின் கல்லறைகள் கடலைப் பார்த்தபடி உள்ளன. ரஷ்ய முடிக்குரிய இளவரசர் நிக்கொலாய் 1865இல் நீசில் இறந்தார். அவர் இறந்த இடத்தருகே எழுப்பப்பட்ட பேராலயம் 1912இல் திறந்துவைக்கப்பட்டது. கதிரொளி எல்லோரையும் காப்பாற்றவில்லை. ஆயினும் காப்பாற்றக்கூடும் என்ற நம்பிக்கையே ஒரு கரையோரத்தின் பொருளாதாரத்தை உருவாக்கிற்று.

புகையிரதமும் புதிய செல்வரும்

புகையிரதம் வருமுன் இலண்டனிலிருந்து நீசை அடைவதற்குக் குதிரைவண்டியில் இரு வாரங்களுக்கு மேற்பட்ட பயணம் தேவைப்பட்டது. ஆகவே, வந்தோர் மாதக்கணக்கில் தங்கினர். 1860இல் நீஸ் பிரான்சுடன் இணைக்கப்பட்டது. 1861இல் மாந்தோனும் பிரான்சின் உடைமையாயிற்று. இருப்புப்பாதை 1863இல் கானையும், 1864இல் நீசையும், 1868இல் மொனாக்கோவையும், அடுத்த ஆண்டில் மாந்தோனையும் எட்டிற்று. 1883ஆம் ஆண்டு டிசம்பரில் கலே துறைமுகத்திலிருந்து நீஸ் வழியாக உரோமுக்குச் சொகுசுப் புகையிரதம் ஓடத் தொடங்கியது. மாலையில் பாரிசில் ஏறியவர் ஆயிரம் கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான தூரத்தைக் கடந்து மறுநாள் நீசில் இறங்கலாம் என்ற நிலை உருவாயிற்று.

இம்மாற்றத்தின் விளைவு எளிமையானதன்று. முன்னர் நிலவுடைமைப் பிரபுக்கள் மட்டும் வந்த கரைக்குக் கைத்தொழிற் புரட்சியினாற் செல்வம் சேர்த்த ஆலையதிபரும் வங்கியாளரும் வரத்தொடங்கினர். நோயாளரைத் தேடிக் களிப்பாளர் வந்தனர் எனலாம். மொனாக்கோவின் மன்னர் மூன்றாம் சார்ல்ஸ் 1863இல் சூதாட்ட மண்டபத்தின் உரிமையைப் பிரான்சுவா பிளாங் என்பவருக்கு வழங்கினார். அதன் வருவாய் பெருகவே, 1869இல் மொனாக்கோ மக்கள்மீதான நேரடி வரிகள் நீக்கப்பட்டன. அம்மக்கள் தாம் சூதாடுவதோ தடைசெய்யப்பட்டிருந்தது. வெளியாரின் தோல்வியில் உள்ளூரின் கருவூலம் நிறையும் ஏற்பாடு அது. 1873இல் நீஸ் நகரின் களியாட்ட விழா புதிய முறையில் ஒழுங்குசெய்யப்பட்டது. முன்பு மக்கள் தாமே வீதிகளிற் கொண்டாடிய விழா, பயணிகள் மேடைகளில் அமர்ந்து காணும் காட்சியாயிற்று.

சயரோகத்தின் கிருமியைத் தாம் கண்டறிந்ததாக றொபேட் கொக் 1882இல் அறிவித்தார். நோய் தொற்றக்கூடியது என்பது உறுதியானதும், எந்நோயாளரால் ஹோட்டல்கள் எழுந்தனவோ அந்நோயாளரே அங்கு வேண்டாதவராயினர். அவர்கள் சுவிற்சர்லாந்தின் உயர்மலைச் சுகநிலையங்களை நாடினர். 1887இல் ஸ்தெபான் லியேஜார் என்பவர் இக்கரையைப் பற்றி எழுதிய நூலுக்குக் ‘கோட் டசூர்’, அதாவது நீலக்கரை, எனப் பெயரிட்டார். நோயின் நினைவு சிறிதும் இல்லாத அப்பெயரே பின்னர் நிலைத்தது.

உலாவின் ஒழுங்கு

தமிழிலக்கியத்தில் உலா என்பது தலைவன் வீதியிற் பவனி வர, ஏழு பருவப் பெண்டிரும் அவனைக் காண்பதைப் பாடும் பிரபந்தமாகும். அதிற் காண்போர் வேறு, காணப்படுவோர் வேறு. ரிவியேராவின் குளிர்கால உலாவில் அவ்விரு நிலைகளும் ஒன்றாயின. கடற்கரை வீதியில் நடந்தோர் காண்பதற்கும் காணப்படுவதற்கும் சென்றனர். பருவகாலத்தில் வந்திறங்கிய அந்நியர் பெயர்ப்பட்டியலை உள்ளூர்ப் பத்திரிகைகள் வெளியிட்டமை இதனை உறுதிப்படுத்தும்.

பயணிகளின் சுற்றுலாவும் ஓர் ஒழுங்குக்கு உட்பட்டிருந்தது. வழிகாட்டி நூல்கள் எதனை எப்போது பார்க்கவேண்டும் என வரையறுத்தன. எஸ்தெரெல் மலையின் செந்நிறப் பாறைகள், ஆந்தீப் முனையின் பைன் மரங்கள், வில்பிராஞ்சு விரிகுடாவில் நின்ற போர்க்கப்பல்கள், நெப்போலியன் காலத்தில் மலைமேல் அமைக்கப்பட்ட கோர்னீஷ் பாதை, அதன் வழியில் லா துர்பி என்னுமிடத்தில் கி.மு. 6ஆம் ஆண்டளவில் ஒகஸ்தஸ் பேரரசனின் வெற்றிக்காக எழுப்பப்பட்ட உரோமச் சின்னத்தின் இடிபாடு, இறுதியில் மாந்தோனின் எலுமிச்சைத் தோட்டங்கள் என்பன அவ்வொழுங்கில் அமைந்தன. இவையனைத்தையும் பெண்கள் குடையின் நிழலிலும் கையுறை அணிந்தும் கண்டனர் என்பது கவனிக்கத்தக்கது. வெப்பத்தைத் தேடி வந்தவர்கள் வெயிலை விலக்கினர். ஏனெனில், வெயிலிற் கருத்த மேனி வயலில் உழைப்போரின் அடையாளம். வெளுத்த மேனி உழைக்கத் தேவையில்லாதோரின் அடையாளம்.

விக்டோரியா மகாராணியின் வருகைகள் இக்காலத்தின் உச்சத்தைக் குறிப்பன. 1882இல் மாந்தோனுக்கு வந்த அவர், 1895 முதல் 1899 வரை ஆண்டுதோறும் நீசின் சிமியே மேட்டில் தங்கினார். அங்கு 1897இல் திறக்கப்பட்ட மாபெரும் ஹோட்டலுக்கு இலத்தீன் மொழியில் இராணியைக் குறிக்கும் ‘றெஜினா’ என்ற பெயர் இடப்பட்டது. அவ்வாண்டு இராணியின் இந்தியச் செயலாளர் அப்துல் கரீமும் உடன்செல்வதை எதிர்த்து அரண்மனை அலுவலர்கள் பதவி விலகுவதாக அச்சுறுத்தினர், இராணி விட்டுக்கொடுக்கவில்லை. அதே காலத்தில் இந்தியாவின் பல பகுதிகளைப் பஞ்சமும் பம்பாயைக் கொள்ளைநோயும் வாட்டிக்கொண்டிருந்தன என்பதையும் இங்கு நினைவுகூர வேண்டும். சிமியே மேட்டின் சௌகரியம் எத்தகைய உலக ஒழுங்கின்மேல் தங்கியிருந்தது என்பதை இவ்விரு செய்திகளும் அருகருகே நின்று உணர்த்துகின்றன.

பணியாளர் பக்கம்

1861இல் ஏறத்தாழ 48,000 ஆக இருந்த நீசின் சனத்தொகை 1911இல் 142,000ஐத் தாண்டியது. இப்பெருக்கம் விருந்தினரால் ஏற்பட்டதன்று. அவர்களுக்குப் பணிசெய்ய வந்தோரால் ஏற்பட்டது. இத்தாலியின் பியேமொந்தே, லிகூரியாப் பகுதிகளிலிருந்து வந்த ஏழைகள் இருப்புப்பாதை வெட்டினர், கட்டடம் எழுப்பினர், துணி வெளுத்தனர், தோட்டம் பேணினர். ஹோட்டற் பணியாளர் பலர் குளிர்காலத்தில் ரிவியேராவிலும் கோடையில் சுவிற்சர்லாந்திலுமாக விருந்தினரைப் பின்தொடர்ந்து இடம்பெயர்ந்தனர். பிற்காலத்திற் புகழ்பெற்ற சேசர் றிட்ஸ் கூட மொந்தே கார்லோவிலும் லூசேர்னிலும் இவ்வாறே மாறிமாறிப் பணியாற்றியவர். அவரோடு இணைந்த சமையற்கலை வல்லுநர் ஒகுஸ்த் எஸ்கோபியே நீசுக்கு அண்மையிலுள்ள ஊரொன்றில் கொல்லரின் மகனாகப் பிறந்து, 1859இல் தம் உறவினர் ஒருவரின் உணவகத்திற் சிறுவனாக வேலைக்குச் சேர்ந்தவர். இத்தகைய உயர்வு மிகச் சிலருக்கே கிட்டிற்று. மற்றோருக்கு ஆண்டின் பாதி வேலை, மறுபாதி நிச்சயமின்மை என்பதே வாழ்க்கையாயிற்று.

இவ்வேற்றத்தாழ்வு 1887ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆம் நாள் அப்பட்டமாக வெளிப்பட்டது. களியாட்ட விழாவின் இறுதி இரவு கழிந்த அதிகாலையில் நிலம் அதிர்ந்தது. இத்தாலியப் பக்கத்திலேயே பேரழிவு நேர்ந்தது. அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நீசிலும் மாந்தோனிலும் கட்டடங்கள் சிதைந்தன. அந்நியர் புகையிரத நிலையங்களை முற்றுகையிட்டுப் பெருந்தொகையாக வெளியேறினர். பயணிக்குத் திரும்பிச் செல்ல ஊர் உண்டு. அக்கரையையே ஊராகக் கொண்டோர் இடிபாடுகளுக்கிடையே தங்கினர். அப்பருவத்தின் வருவாயையும் இழந்தனர்.

இக்காலத்து வருகையாளர் அனைவரையும் செல்வச் செருக்கினர் என ஒதுக்கிவிடுதலும் பொருந்தாது. நீட்சே 1880களில் பல குளிர்காலங்களை நீசின் எளிய விடுதிகளிற் கழித்து எழுதினார். சயரோகத்தால் நலிந்த அந்தன் செக்கோவ் 1897–98 குளிர்காலத்தை அங்குள்ள ரஷ்ய விடுதியொன்றிற் கழித்தார்; 1900ஆம் ஆண்டின் இறுதியில் மீண்டும் வந்தபோது ‘மூன்று சகோதரிகள்’ நாடகத்தைத் திருத்தியமைத்ததும் அங்கேயே.

கோடை மேலோங்கியமை

குளிர்காலப் பருவத்தின் அடித்தளம் 1914இல் ஆட்டங்கண்டது. போர்க்காலத்தில் ஹோட்டல்கள் பல காயமுற்றோருக்கான மருத்துவமனைகளாயின. 1917 புரட்சிக்குப் பின் ரஷ்யப் பிரபுக்களின் வருகை நின்றது. அகதிகளாக வந்த சிலர் தாம் முன்பு விருந்தினராக இருந்த நகரிலேயே கூலிவேலை தேடினர். போரும் பணவீக்கமும் நிலவாடகையையும் முதலீட்டு வட்டியையும் நம்பி வாழ்ந்த வர்க்கத்தின் வலிமையைக் குறைத்தன. ஆறு மாதம் ஓரிடத்தில் தங்கி எதுவும் செய்யாதிருப்பதற்கு வேண்டிய வருவாய் அருகிற்று.

மருத்துவக் கருத்தும் மாறிற்று. டென்மார்க்கின் நீல்ஸ் பின்சன் ஒளிச்சிகிச்சைக்காக 1903இல் நோபல் பரிசு பெற்றார். அதே ஆண்டில் சுவிற்சர்லாந்தின் லெய்சன் நகரில் ஒகுஸ்த் றொலியே சூரியக் குளியற் சிகிச்சையைத் தொடங்கினார். காற்றின் இதத்தை நாடிய இடத்தில் கதிரின் நேரடித் தாக்கம் விரும்பப்பட்டது. இதற்கு ஆழமான சமூகக் காரணமும் உண்டு. தொழிலாளரிற் பெரும்பகுதியினர் வயலிலிருந்து ஆலைக்கும் சுரங்கத்துக்கும் அலுவலகத்துக்கும் சென்றுவிட்ட நிலையில், வெளுத்த மேனி உழைப்போரின் அடையாளமாயிற்று. வெயிலிற் கருத்த மேனியோ ஓய்வுடையோரின் அடையாளமாயிற்று. குடை மடிக்கப்பட்டது.

1923ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்கரான ஜெரால்ட், சாரா மேர்பி தம்பதியரின் வேண்டுகோளுக்கிணங்க ஆந்தீப் முனையின் ஹோட்டலொன்று மூடப்படாது திறந்திருந்தது. பிக்காசோ முதலிய கலைஞரும் அக்கோடைகளில் அங்குத் தங்கினர். 1930களின் தொடக்கத்திற் கோடைப் பருவம் நிலைபெற்றுவிட்டது. ஆயினும் இதுவரை நிகழ்ந்தது செல்வர் வட்டத்தினுள்ளே நிகழ்ந்த நாகரிக மாற்றமேயாகும்.

அவ்வட்டம் உடைந்தது 1936இல். அவ்வாண்டு மே, யூன் மாதங்களில் பிரெஞ்சுத் தொழிலாளர் ஆலைகளைக் கைப்பற்றி நடத்திய பெருவேலைநிறுத்தங்களின் பின்னணியில், லெயோன் புளூம் தலைமையிலான மக்கள் முன்னணி அரசாங்கம் யூன் 20ஆம் நாள் இரு வாரச் சம்பளத்துடனான விடுமுறையைச் சட்டமாக்கியது. விளையாட்டுக்கும் ஓய்வுக்கும் பொறுப்பாயிருந்த லெயோ லக்ராஞ்சின் முயற்சியால் புகையிரதக் கட்டணத்தில் 40 சதவீதச் சலுகை வழங்கப்பட்டது. அவ்வாண்டிலேயே ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் அச்சீட்டைப் பெற்றனர். அவர்கள் அனைவரும் ரிவியேராவுக்கே திரண்டனர் எனக் கொள்வது மிகையாகும். பெரும்பாலோர் கிராமத்து உறவினரிடமோ அண்மைக் கடற்கரைக்கோ சென்றனர். பலர் வீட்டிலேயே இருந்தனர். ஆயின் கடலை வாழ்வில் முதன்முறையாகக் கண்டோரும் அவர்களுள் இருந்தனர். வலதுசாரிப் பத்திரிகைகள் அவர்களை எள்ளி நகையாடின. அந்நகைப்பிலேயே அச்சம் கலந்திருந்தது: கடற்கரையில் உடைகளைந்து நிற்கையில் முதலாளி யார், தொழிலாளி யார் எனப் பிரித்தறிதல் கடினம்.

விடுமுறை 1956இல் மூன்று வாரமாகவும், 1969இல் நான்கு வாரமாகவும், 1982இல் ஐந்து வாரமாகவும் உயர்ந்தது. பாடசாலை விடுமுறையும் ஆலை மூடும் காலமும் கோடையில் அமைந்தமையால் உழைப்போரின் ஓய்வும் கோடையிலேயே அமைந்தது. நிலவுடைமையாளரின் ஓய்வுக்கு ஏற்பக் குளிர்காலம் பருவமாயிருந்தது. தொழிலாளரின் ஓய்வுக்கு ஏற்பக் கோடை பருவமாயிற்று.

முடிவுரை

2021ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் நீசை ‘ரிவியேராவின் குளிர்கால உல்லாச நகர்’ என்ற தகுதியில் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. கோடையில் நிரம்பி வழியும் நகரொன்று தன் குளிர்கால வரலாற்றுக்காகப் போற்றப்படுகின்றது. றெஜினா ஹோட்டல் நெடுங்காலத்துக்கு முன்பே அடுக்குமாடி வீடுகளாக மாறிவிட்டது. மாளிகைகளும் உலாவீதியும் பேணப்படுதல் நன்றே. ஆயின் அவற்றைக் கட்டியோர், வெளுத்தோர், சமைத்தோர் ஆகியோரின் வரலாறும் அம்மரபுரிமையின் பகுதியாக எழுதப்படும்போதே அது முழுமை பெறும்.

இவ்வாய்வு நமக்குப் புறம்பானதன்று. 1966இல் இலங்கையில் உல்லாசப் பயணச் சபை அமைக்கப்பட்டதன் பின் நமது தென்மேற்குக் கரையோரமும் நவம்பர் முதல் ஏப்பிரல் வரை ஐரோப்பியரின் குளிர்காலத்தை ஒட்டியே தன் ‘பருவத்தை’ அமைத்துக்கொண்டது. நீஸ் மக்கள் 1820களில் எதிர்கொண்ட வினாவை நமது கரையோரத்து மீனவரும் ஹோட்டற் பணியாளரும் எதிர்கொள்கின்றனர்: கடலோரத்தில் வீதி அமைப்போர் ஒருவராகவும் அதில் உலாவுவோர் வேறொருவராகவும் எத்துணைக் காலம் இருப்பது? சம்பளத்துடனான ஓய்வு உழைப்போரின் உரிமை எனச் சட்டமாகிய நாளிலேயே ரிவியேராவில் அவ்வினாவுக்கு ஓரளவு விடை கிடைத்தது. அவ்விடை தானாக வந்ததன்று. ஆலைகளில் நின்று கேட்டுப் பெற்றது.